வெனிஸின் கடல் திருமணம்: எட்சிங்கில் மோதிரம் எங்கே?

கேள்வி:
வெனிஸ் ஓவியர் கனலெட்டோ வரைந்து கொடுத்தவற்றைப் பார்த்துப் புருஸ்டோலோன் என்னும் அச்சுக் கலைஞர் செப்புத்தகட்டில் பொறித்து அச்சிட்ட (எட்சிங்) வெனிஸ் அரசு விழாக் காட்சிகள் பன்னிரண்டையும் அண்மையில் பார்த்தேன். இயேசுவின் விண்ணேற்ற நாளன்று, அன்றைய வெனிஸ் குடியரசின் தலைவரான டோஜ், புச்சின்டோரோ என்னும் பொற்கப்பலில் ஏறிச் சென்று கடலுக்குள் மோதிரத்தை எறிந்து, கடலையே மணந்துகொள்வார். அந்தக் கப்பல் லிடோ தீவுக்குப் புறப்படும் காட்சியும், அங்குள்ள சான் நிக்கொலோ தேவாலயத்தின் அருகே நிற்கும் காட்சியும் உள்ளன. மோதிரம் விழும் கணம் மட்டும் எதிலும் இல்லை. ஏன் என்று யாரேனும் விளக்க இயலுமா?

மறுமொழி 1:
டோஜ் தம் இருக்கைக்குப் பின்னால், கப்பலின் பின்புறச் சாளரம் வழியாகவே மோதிரத்தை எறிவார். "உண்மையானதும் நிலையானதுமான ஆட்சியின் அடையாளமாக, கடலே, உன்னை மணக்கிறோம்" என்ற இலத்தீன் வாசகத்தையும் அங்கேயே சொல்வார். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு அது ஒரு கையசைவு மட்டுமே. 1729-இல் வெள்ளோட்டம் கண்ட கடைசிப் புச்சின்டோரோவோ ஏறத்தாழ 35 மீட்டர் நீளம்; கீழ்த்தளத்தில் 42 துடுப்புகளை, துடுப்புக்கு நால்வராக 168 பேர் வலித்தனர். இத்தகைய கப்பலையும் அதைச் சூழ்ந்த கோண்டோலாக்களையும் விட்டுவிட்டு, ஒரு மோதிரத்தை எந்த ஓவியர் தேடிப் போவார்? இது என் ஊகமே.

மறுமொழி 2:
ஊகம் பொருத்தமாகவே படுகிறது. ஒன்றை மட்டும் சேர்க்கிறேன்: 1000-ஆம் ஆண்டின் விண்ணேற்ற நாளில் டோஜ் இரண்டாம் பியெத்ரோ ஓர்சியோலோ அட்ரியாட்டிக் கடலின் மறுகரையான டால்மேஷியாவுக்குப் படையெடுத்துப் புறப்பட்டதன் நினைவாகவே இவ்விழா தொடங்கியது. மோதிரம் பின்னால் வந்தது. 1177-இல் திருத்தந்தை மூன்றாம் அலெக்சாந்தர் அதை டோஜ் செபஸ்தியானோ சியானிக்கு வழங்கினார் என்பது மரபு. ஆகவே கப்பல் புறப்படும் காட்சியையும் விழாவின் மையம் என்றே கொள்ளலாம்.

கேட்டவர்:
இருவருக்கும் நன்றி. பாரிஸின் லூவர் அருங்காட்சியகத்தில் உள்ள, வெனிஸ் ஓவியர் குவார்டியின் ஓவியங்களிலும் இதே காட்சிகள் உள்ளனவே. புருஸ்டோலோன் அவற்றையும் பார்த்திருப்பாரோ?

மறுமொழி 1:
இல்லை ஐயா, அது தலைகீழ். 1760-களில் வெளிவரத் தொடங்கிய இந்த அச்சுப்படங்களைப் பார்த்தே குவார்டி வண்ணத்தில் தீட்டினார். கப்பலை நேரில் ஒப்பிட்டுப் பார்க்கவும் இனி வழியில்லை: 1798 ஜனவரியில் பிரெஞ்சுப் படையினர் பொன்னைப் பிரித்தெடுப்பதற்காக அதன் மரச்சிற்பங்களை எரித்துவிட்டார்கள்.