பாட்காஸ்ட்டுக்குத் தமிழில் என்ன சொல்? தொடக்கப் பள்ளி அறிவியல் கையேட்டுக்காக

ரோஸ் ஹில், மொரீஷியஸ்

அனைவருக்கும் வணக்கம்.

நான்காம் வகுப்பு முதல் ஆறாம் வகுப்பு வரை தமிழ் எடுக்கும் பிள்ளைகளுக்கான அறிவியல் கேட்புக் கையேடு அச்சுக்குப் போக வேண்டும். பள்ளியில் அறிவியல் ஆங்கிலத்தில் நடக்கிறது. அதே பொருளைத் தமிழ் வகுப்பில் காதால் கேட்டுப் பேசவைப்பதுதான் கையேட்டின் வேலை. பக்கத்துக்குப் பக்கம் ‘பாட்காஸ்ட்’ வருகிறது. அதை ‘வலையொலி’ என்று மாற்றிவிடலாமா என்று கேட்டிருந்தார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை.

தமிழ்நாட்டில் பாட்காஸ்ட்டை வலையொலி என்றும் யூடியூப் தடத்தை வலையொளி என்றும் எழுதுகிறார்கள். படிப்பவருக்கு அந்த ஓரெழுத்து வேறுபாடு போதும். மொரீஷியஸின் பேச்சுமொழியான கிரியோல் பேசி வளரும் பிள்ளையின் காதுக்கு ல, ள, ழ மூன்றும் ஒன்றுதான். கிரியோலில் இருப்பது ஒரே ‘ல’. போதாக்குறைக்கு வளையொலி வேறு இருக்கிறது, வளையல் சத்தம். காதுக்காகவே இருக்கும் ஒன்றுக்குக் காதால் பிரித்தறிய முடியாத பெயரை ஏன் வைக்க வேண்டும்?

பெயரோடு இது நிற்பதும் இல்லை. இடி மின்னல் பாடத்தின் வரைவில் இப்படி ஒரு வரி இருந்தது: “முதலில் ஒளி வரும், பிறகு ஒலி வரும்.” பலகையில் எழுதினால் அழகான வாக்கியம். ஒலிபெருக்கியில் கேட்கும் பிள்ளைக்கு “முதலில் ஒலி வரும், பிறகு ஒலி வரும்”. பாடத்தின் உயிரே அந்த இரண்டு சொல்லில் இருக்க, இரண்டும் ஒன்றாகிவிடுகின்றன. இப்போது அதை “முதலில் மின்னல் தெரியும், பிறகு இடி கேட்கும்” என்று மாற்றியிருக்கிறோம். அதற்கடுத்து, மின்னலுக்கும் இடிக்கும் நடுவே எண்ணச் சொல்கிறோம்: ஒலி காற்றில் நொடிக்கு ஏறக்குறைய 340 மீட்டர் போகும், ஆகவே மூன்று நொடி என்றால் மின்னல் ஒரு கிலோமீட்டர் தள்ளி. எண்ணுவதற்கு ஒலிப்பதிவிலேயே இடைவெளி விட்டிருக்கிறோம்.

ஆகவே என் நிபந்தனை ஒன்றுதான். ல, ள மாறினால் பொருள் மாறும் சொல் வேண்டாம்.

சாட்ஸ்வொர்த், டர்பன்

ரோஸ் ஹில் ஆசிரியை அம்மாவுக்கு வணக்கம். நிபந்தனை நியாயமானது. இங்கேயும் அதே காதுதான். வீட்டில் ஆங்கிலம், தமிழ் வகுப்பில் மட்டும் தமிழ்.

முதலில் ஒன்றை ஒதுக்கிவிடலாம். ‘பாட்’ என்பதை மொழிபெயர்க்க வேண்டியதில்லை. அது ஐபாட் என்ற பாட்டுக் கருவியின் பெயரிலிருந்து ஒட்டிக்கொண்டது. ஐபாட் 2001இல் வந்தது. 2004 பிப்ரவரியில் கார்டியன் இதழில் பென் ஹாமர்ஸ்லி எழுதிய கட்டுரையில் ‘பாட்காஸ்டிங்’ என்ற சொல் தலைகாட்டியது. 2022இல் ஐபாட் உற்பத்தியே நின்றுபோயிற்று. கருவி போய்விட்டது, பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. ‘விதையுறை’, ‘பேழை’ என்றெல்லாம் நேர்ப்பொருள் தேடுகிறவர்கள் தயவுசெய்து நிறுத்திக்கொள்ளலாம்.

என் முன்மொழிவு: செவிமடல். மடல் என்றால் கடிதம். வாரம் தவறாமல் செவிக்கு வரும் மடல். ஒலியும் இல்லை, ஒளியும் இல்லை.

சேன்ட் ஆந்த்ரே, ரெயூனியன்

செவிமடல் அழகாக இருக்கிறது அண்ணா. ஆனால் அது ஐந்தாம் வகுப்புக் காதுப் பாடத்தில் ஏற்கெனவே உட்கார்ந்திருக்கிறது. வெளியே தெரியும் காது, அதற்குப் பிறகு செவிக்குழல், செவிப்பறை. “செவிமடலைத் திறந்து கேளுங்கள்” என்றால் பிள்ளை காதைப் பிடித்து இழுக்கும்.

பிரெஞ்சுக்காரர்கள் இதே பாட்டைப் பட்டவர்கள். கியூபெக் மொழி அலுவலகம் 2004லேயே ‘பலாதோதிஃப்யூசியோன்’ என்று ஒரு சொல்லைக் கொடுத்தது. காதில் மாட்டிக்கொண்டு உலாவும் சிறு கருவிக்குப் பிரெஞ்சில் ‘பலாதர்’, அதிலிருந்து எடுத்தது. நீளமான சொல்தான், ஆனால் மக்கள் ‘பலாதோ’ என்று வெட்டிக்கொண்டார்கள், நிலைத்துவிட்டது. பிரான்சில் 2020இல் ‘வேண்டும்போது கிடைக்கும் ஒலி’ என்ற பொருளில் சொற்றொடர் ஒன்றை அறிவித்தார்கள். விளக்கம் துல்லியம்; பேச்சில் எல்லாரும் இன்னும் பாட்காஸ்ட் என்றுதான் சொல்கிறார்கள். விளக்கத்தைப் பெயராக வைத்தால் இப்படித்தான் ஆகும்.

பாட்காஸ்ட்டை வெறும் ஒலிக்கோப்பிலிருந்து பிரிப்பது எது? ஆர்எஸ்எஸ் என்ற இணைய ஊட்ட முறை. ஒரு முறை இணைத்துவிட்டால் புதுப் பகுதி தானாக வந்து சேரும். அந்த ஆர்எஸ்எஸ்ஸுக்குத் தமிழ் வலைப்பதிவர்கள் ‘செய்தியோடை’ என்று சொல்லிப் பழகிவிட்டார்கள். ஓடை நம்மிடம் இருக்கிறது. கேள் + ஓடை, கேளோடை. வினைத்தொகை: கேட்ட, கேட்கிற, கேட்கும் ஓடை. பிள்ளை அதை ‘கேலோடை’ என்று சொன்னாலும் வேறொரு சொல்லாகிவிடாது. இன்னொன்றும் உண்டு. தமிழில் கேள் என்றால் காதால் கேட்பது, வாயால் வினவுவது இரண்டும். அறிவியல் வகுப்புக்கு இரண்டும் வேண்டும்.

வக்கோவா, மொரீஷியஸ்

கேளோடைக்கு என் வாக்கு. ஆனால் ஒரு சொல்லோடு முடிகிற வேலை இல்லை. கையேட்டில் மூன்று வெவ்வேறு பொருள்களுக்கு ‘பாட்காஸ்ட்’ என்றே எழுதியிருக்கிறது: முழுத் தொடர், அதில் ஒரு பகுதி, அந்தப் பகுதியிலிருந்து வகுப்புக்கு வெட்டி எடுக்கும் ஒன்றரை நிமிடம். ஆசிரியர் கையில் உண்மையில் இருப்பது மூன்றாவது. அதற்குத்தான் பெயர் இல்லை. 20 நிமிடப் பகுதியை வகுப்பில் முழுசாக ஓடவிட்டால் ஐந்தாவது நிமிடத்தில் பின்வரிசை போய்விடும். அது பிள்ளைகளின் குற்றம் இல்லை. ஒன்பது வயதில், அதுவும் இரண்டாம் மொழியில், 60 முதல் 90 நொடிதான் தாங்கும். அதையே மூன்று முறை கேட்க வேண்டும். முதல் முறை கேள்வி எதுவும் இல்லாமல், கேட்டதைப் படமாக வரைய. இரண்டாம் முறை ஒரே ஒரு கேள்வியோடு. மூன்றாம் முறை தன் விடையைத் தானே சரிபார்க்க. இந்தத் துண்டுக்கு ‘கேள்துண்டு’ என்று வைக்கலாம் என்று தோன்றுகிறது.

கையேட்டில் திருத்த வேண்டியவை சில, இங்கேயே எழுதிவிடுகிறேன்.

“4:12இலிருந்து 5:40 வரை” என்று நேரம் குறித்திருக்கிறீர்கள். அது நிற்காது. பல தொடர்களில் விளம்பரத்தைப் பதிவிறக்கும் நேரத்தில்தான் சொருகுகிறார்கள். மொரீஷியஸில் இறக்கிய கோப்புக்கும் டர்பனில் இறக்கியதற்கும், போன மாதம் இறக்கியதற்கும் இன்று இறக்கியதற்கும் நேரம் அரை நிமிடம் ஒரு நிமிடம் தள்ளிப்போகும். தொடங்கும் வாக்கியத்தின் முதல் நான்கைந்து சொல்லையும் முடியும் வாக்கியத்தின் கடைசிச் சொற்களையும் எழுதுங்கள். நேரம் தோராயமாக இருந்தால் போதும்.

நாமே பதிவு செய்தவற்றை ஒற்றைத் தடமாக (மோனோ), நொடிக்கு 64 கிலோபிட் எம்பி3 ஆக வெளியிடலாம். நிமிடத்துக்கு அரை மெகாபைட்டுக்குச் சற்றுக் குறைவு. மூன்று நிமிடம் ஒன்றரை மெகாபைட்டுக்குள் அடங்கும், வாட்ஸாப்பில் அனுப்பச் சுலபம். இரட்டைத் தடமாக (ஸ்டீரியோ) விட்டால், ஒரே ஒலிபெருக்கி இருக்கும் வகுப்பில் சில வயரிணைப்புகளில் இடப்பக்கம் மட்டும் கேட்கும், வலப்பக்கத்துக் குரல் காணாமல் போகும். ஆடாசிட்டி என்ற ஒலித்தொகுப்பு மென்பொருளில் கலந்து ஒற்றையாக்கிவிடுவது நல்லது. ஒவ்வொரு துண்டின் முன்னாலும் இரண்டு நொடி மௌனம் விடுங்கள். சில புளூடூத் ஒலிபெருக்கிகள் சத்தம் இல்லாதபோது தூங்கிவிடும், விழித்துக்கொள்வதற்குள் முதல் சொல்லை விழுங்கிவிடும். “தாவரங்கள் மூச்சு விடுமா?” என்ற கேள்வி “மூச்சு விடுமா?” என்று மட்டும் வந்தால் யாருடைய மூச்சு?

இதயத் துடிப்புப் பாடத்தைக் கைப்பேசியின் சொந்த ஒலிபெருக்கியில் போடவே கூடாது. இதய ஒலி பெரும்பாலும் 20 முதல் 150 ஹெர்ட்ஸுக்குள் இருக்கிறது. அத்தனை சின்ன ஒலிபெருக்கியால் அவ்வளவு தாழ்ந்த அதிர்வைத் தள்ள முடியாது. ‘லப் டப்’ கேட்காது, ‘டிக் டிக்’ என்று ஏதோ கேட்கும், பிள்ளை கடிகாரம் என்று எழுதும். பெரிய ஒலிபெருக்கி இல்லாவிட்டால் புனலும் ரப்பர் குழாயும் கொண்டு ஒருவர் நெஞ்சை இன்னொருவர் கேட்பதே மேல்.

வெளிநாட்டுக் கேளோடைகளை அப்படியே எடுக்கும்போது பிழை உள்ளே நுழையும். வெளவால் பகுதிதான் மோசம். “வெளவால்கள் எதிரொலியால் வழி கண்டுபிடிக்கின்றன” என்று வட அரைக்கோளத்து நாடுகளில் சொல்வது அவர்கள் ஊர் வெளவாலுக்குச் சரி. நம் லிச்சி மரத்திலும் மாமரத்திலும் தொங்கும் பெரிய பழவெளவால் அப்படிச் செய்வதில்லை. கண்ணாலும் மோப்பத்தாலும்தான் பழம் தேடும். பிள்ளை தினம் பார்க்கும் சோவ்சூரியை (கிரியோலில் வெளவால்) பற்றியே தவறாகச் சொல்லித்தருகிறோம். புயலும் அப்படித்தான்: அங்கே கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் சுழலும், இங்கே முள்ளின் திசையில். வளர்பிறையின் வெளிச்சப் பக்கம் அங்கே வலது, இங்கே இடது. ‘டிசம்பர் குளிர்’ பற்றிச் சொல்லவே வேண்டாம். வெட்டும்போதே இவற்றை நீக்கிவிட வேண்டும், நீக்க முடியாவிட்டால் அந்த இடத்தில் நிறுத்தி, “நம் ஊரில்?” என்று கேட்கச் சொல்லிக் குறிப்பு எழுத வேண்டும்.

சாட்ஸ்வொர்த், டர்பன்

செவிமடலைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன், காது வலிக்காமல்.

கேள்துண்டில் ஒரு சிக்கல். ளகர மெய்க்குப் பின் தகரம் வந்தால் சந்தியில் திரியும். இலக்கணம் பார்க்கிறவர் கையில் கொடுத்தால் ‘கேட்டுண்டு’ என்று திருத்தித் தருவார். அது ‘கேட்டுக்கொண்டு’ என்பதன் பேச்சு வடிவம் மாதிரி ஒலிக்கும். ‘ஒலித்துண்டு’ என்று போனால் மறுபடி ஒலி ஒளி. ‘கேட்புத்துண்டு’ எனலாம், கேட்பு என்றதும் எனக்கு வங்கியின் கேட்புக் காசோலைதான் நினைவுக்கு வருகிறது.

கேள்கூறு என்று வையுங்கள். கொள்கலனில் போல ளகரமும் ககரமும் திரியாமல் நிற்கும். கூறு என்றால் பகுதி. கூறு என்றால் சொல். வக்கோவா நண்பர் சொன்ன மூன்று முறைக் கேட்டலும் அதுதானே: கேள், பிறகு கூறு.

சேன்ட் ஆந்த்ரே, ரெயூனியன்

கேள்கூறு நன்று. ஆனால் இரண்டு சொல்லும் ‘கேள்’ என்றே தொடங்குவதால் அச்சுப்பிழை திருத்துகிறவருக்குக் கொஞ்சம் கண் வலிக்கும். பரவாயில்லை.

மர்ம ஒலிப் பகுதியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அமெரிக்காவின் ‘பிரெயின்ஸ் ஆன்’ என்ற சிறுவர் அறிவியல் தொடரில் ஒவ்வொரு முறையும் ஓர் ஒலியைப் போட்டு ஊகிக்கச் சொல்வார்கள். அதன் கோப்பை வெட்டிப் பரப்பினால் உரிமைச் சிக்கல் வரும். முறையை மட்டும் எடுத்துக்கொள்ளலாம். 10 நொடிப் பதிவு போதும்: குக்கர் விசில், கரும்புச் சாறு இயந்திரம், மிருதங்கத்தின் இரண்டு பக்கம். மிருதங்கம் மிக நல்லது. இடப்பக்கம் ஏன் தாழ்ந்து ஒலிக்கிறது என்பதிலேயே அதிர்வெண் பாடம் முழுதும் இருக்கிறது. பேசிப் பதிவு செய்யும்போது கைப்பேசியை வாய்க்கு நேராக வைக்காமல் ஒரு சாண் தள்ளி, சற்றுச் சாய்த்து வையுங்கள். இல்லாவிட்டால் ‘ப’ வரும் இடமெல்லாம் காற்று அறையும். தமிழில் அந்த எழுத்துக்குப் பஞ்சமே இல்லை.

ரோஸ் ஹில், மொரீஷியஸ்

அனைவருக்கும் நன்றி. சொல்லடைவில் இப்படிப் போகிறது:

கேளோடை: தொடர் முழுவதும்; இணைத்தால் புதிய பகுதி தானாக வரும் ஒலித்தொடர். முதல் முறை வரும் இடத்தில் மட்டும் பக்கத்தில் ‘பாட்காஸ்ட்’ என்று இருக்கும்.

பகுதி: தொடரில் ஒன்று. இதற்குப் புதுச் சொல் தேவையில்லை.

கேள்கூறு: வகுப்புக்காக எடுத்த 60 முதல் 90 நொடி.

எழுத்துப்படி: கேள்கூறின் பேச்சு முழுவதும் எழுத்தில். காது சரியாகக் கேட்காத பிள்ளைக்கு இது முதலிலேயே கையில் இருக்க வேண்டும், பிறகு கொடுக்கும் பொருளாக இருக்கக் கூடாது. எல்லாக் கேள்கூறுக்கும் கட்டாயம்.

‘சந்தா’ என்ற சொல்லை எடுத்துவிட்டேன். காசு கட்ட வேண்டுமா என்று பெற்றோர் கேட்பார்கள். ‘இணை’ போதும்.

நேரக் குறிப்புகளை வாக்கியக் குறிப்புகளாக மாற்றும் வேலை தொடங்கியாயிற்று. வெளவால் பகுதியை முழுசாக நீக்கியிருக்கிறோம்; நம் பழவெளவாலை வைத்துப் புதிதாகப் பதிவு செய்ய வேண்டும். லிச்சி பழுக்கும் நவம்பர், டிசம்பரில் இரவு மரத்தடியில் அவை போடும் சண்டை நன்றாகக் கேட்கும். கைப்பேசியை மரத்தடியில் வைப்பவர்கள் மேலே ஒரு குடையும் பிடித்துக்கொள்ளவும்.