கண்ணாடியில் ஒட்டிய முருகன் படத்தை எப்படிப் பிரிப்பது?

எல்லாருக்கும் வணக்கம். செங்கோட்டையில் தாத்தாவின் பலசரக்குக் கடையைக் காலி செய்தபோது, கல்லாவுக்கு மேலே மாட்டியிருந்த பழைய முருகன் காலண்டர் படத்தை எடுத்து வந்தேன். மூலையில் சி. கொண்டையராஜு கையெழுத்து. கீழே புனலூர் ஜவுளிக்கடை ஒன்றின் பெயர், மலையாளத்தில்.

கோவில்பட்டியில் இருந்து அவர் வரைந்த சாமி படங்கள் சிவகாசியில் அச்சாகி வீடு வீடாகப் போனவை. நாடகத்துக்குத் திரைச்சீலை வரைந்த கை அவருடையது. முருகனுக்குப் பின்னால் இருக்கும் மலையையும் ஓடையையும் பார்த்தாலே அது தெரியும். கன்னத்து இளஞ்சிவப்பு எங்கே முடிந்து மஞ்சள் எங்கே தொடங்குகிறது என்று சொல்லவே முடியாது. வேலின் மேல் ஆச்சி சம்கி வேறு ஒட்டி வைத்திருக்கிறாள். இதைப் போய் 'வெறும் காலண்டர் படம்' என்கிறார்கள், மனசு கேட்கவில்லை. மலைக்கு அந்தப் பக்கம் கிளிமானூரில் பிறந்த ரவிவர்மா 1894இல் பம்பாயில் அச்சகம் தொடங்கியதிலிருந்து, நம் வீட்டுச் சுவர்களுக்கு ஓவியம் வந்ததே இந்த வழியாகத்தானே?

சரி, விஷயத்துக்கு வருகிறேன். சாரல் ஈரத்தில் தாள் கண்ணாடியோடு ஒட்டிவிட்டது. ஓரத்தை லேசாகத் தூக்கியதும் மயில் தோகையின் நீலம் கண்ணாடியிலேயே நின்றுவிட்டது. அதோடு கையை எடுத்துவிட்டேன். பிரேம் போடும் கடையில் தண்ணீரில் ஊறவைக்கச் சொல்கிறார்கள். எனக்குப் பயமாக இருக்கிறது.

இப்படி ஒட்டிய படத்தைப் பிரித்த அனுபவம் யாருக்காவது உண்டா? தென்காசி, புனலூர், திருவனந்தபுரம் பக்கம் பழைய தாள்களைச் சீர்செய்பவர் இருந்தாலும் சொல்லுங்கள். அப்புறம், பிரிக்கும்போது ஆச்சி ஒட்டிய சம்கியும் உதிரக்கூடாது.