கோவை எஃப்எம்ல பழைய பாட்டு குறைஞ்சது விளம்பரத்தாலயா, வேற கோளாறா?

சிங்கைக்காரன்:
பகல் நேரத்துல நம்ம பக்கத்துத் தனியார் எஃப்எம் எதுலயும் 1970க்கு முந்தின பாட்டு வர்றது அபூர்வமாயிருச்சு. "பழசு"ன்னு அறிவிச்சுட்டுப் போடுறது 80, 90கள். ரஹ்மான் அறிமுகமான 1992 கூட இப்பப் பழசுல சேந்தாச்சு. விஸ்வநாதன்-ராமமூர்த்தி, கே.வி.மகாதேவன், ஜி.ராமநாதன் எல்லாரையும் ராத்திரிக்குத் தள்ளிட்டாங்க. சிங்காநல்லூர்ல சென்ட்ரல் ஸ்டுடியோவும் சேலத்துல மாடர்ன் தியேட்டர்ஸும் படம் எடுத்த சீமையில இந்த நெலமை. கேக்க ஆளில்லைங்கறத நான் ஒத்துக்கமாட்டேன். சரிகம கம்பெனி 2017லிருந்து ஆயிரக்கணக்குல பழைய பாட்டை ஒரு பெட்டியில அடைச்சு கேரவான்னு வித்துச்சே, தமிழ்லயும் போச்சே, அது யார் வாங்குனது?

பத்துசெகண்ட்:
அண்ணா, கேரவான் என் பக்கத்துச் சாட்சிங்க. அதை வாங்குன ஆள் விளம்பரம் இல்லாம கேக்கக் காசு குடுத்துட்டார். அதாவது ரேடியோவ விட்டு எந்திரிச்சுப் போயிட்டார். நிலையம் விக்கறது பாட்டை இல்லீங்க, பாட்டுக்கு நடுவுல இருக்கற 10 செகண்ட் விளம்பரத் துண்டை. அதை வாங்கற விளம்பர ஏஜென்சி பொதுவா கேக்கறது 18லிருந்து 35 வயசு. பைக், செல்போன், ஆன்லைன் கடை எல்லாம் அந்த வயசுக்குத்தான் காசு எறக்குது. 60 வயசுக்காரருக்கு விக்க முழங்கால் தைலமும் காது மெஷினும் தான் மிச்சம். பாட்டுப் பட்டியல் வேற பெரும்பாலும் சென்னையில தயாராகுது.

சிங்கைக்காரன்:
எந்த அளவுகோலுங்க தம்பி? ரேம்னு ஒரு நேயர் கணக்கெடுப்பு மும்பை, டெல்லி, பெங்களூருன்னு பெருநகரத்துல நடந்துச்சு. கோயமுத்தூர் அதுல இல்லை. அளக்காமயே "பெருசுக காசு செலவு பண்ணாது"ன்னு தீர்ப்பு எழுதறீங்க. பேத்தி கல்யாணத்துக்கு நகைக்கடைக்கும் ஜவுளிக்கடைக்கும் பணம் எடுக்கறது யாரு?

பத்துசெகண்ட்:
அளவீடு இல்லைங்கறது உண்மைதான். ஆனா அளவீடு இல்லாத ஊர்ல ஏஜென்சி துணிஞ்சு புதுசா எதையும் செய்யாதுங்க. பக்கத்து நிலையம் என்ன போடுதோ அதையே போடச் சொல்லும். நகைக்கடை சங்கதி நியாயம். அதை உள்ளூர் விற்பனை ஆளுக நேரா கடைக்காரர் கிட்டப் பேசணும், சென்னை பேசாது.

அமராவதிக்கரை:
பழைய பாட்டுக்கு ராயல்டி சாஸ்தின்னு கேள்விப்பட்டனுங்க. அதுவும் காரணமா இருக்குமா? இங்க தாராபுரம், உடுமலைப் பக்கமெல்லாம் கோடைப் பண்பலை 100.5 இருக்கறதால பொழுது போகுது.

டேப்ஹெட்:
இல்லீங்க. 2010ல காப்புரிமை வாரியம் இசைக் கம்பெனிகளுக்கு நிலையத்தோட நிகர விளம்பர வருமானத்துல 2 சதவீதம்னு நிர்ணயிச்சுது. 2020 வரைக்கும் அந்தக் கணக்கு. வருமானத்துல பங்குன்னா புதுசோ பழசோ ஒரே செலவு தான். பழைய பாட்டு ஒதுங்குனது அந்தக் காலத்துலயே தான். அதுக்கும் மேல, ஒலிப்பதிவு உரிமை வெளியான வருசத்துக்கு அடுத்த ஜனவரியிலிருந்து 60 வருசம். 1960ல வந்த ரெக்கார்டு 2020 டிசம்பரோட முடிஞ்சுது.

"அப்ப இலவசம்"னு ஓடிராதீங்க. வரிக்கும் மெட்டுக்கும் தனித்தனி உரிமை, ஆள் காலமாகி 60 வருசம். கண்ணதாசன் மறைஞ்சது 1981, அதனால அவர் வரி 2041 வரைக்கும் ஓடும். ஜி.ராமநாதன் மறைஞ்சது 1963. பட்டுக்கோட்டையார் 1959. அவங்க ரெண்டு பேரும் மட்டும் சேந்த பாட்டா இருந்தா மூணு பூட்டும் தெறந்தாச்சு.

என் கட்சி வேறங்க. பழைய பாட்டு ரேடியோவுல *கேக்கச் சகிக்கலை*. அதனால தான் கேக்கறவன் நிலையத்த மாத்தறான். காரணம் ஒலிக்கோப்பு.

நிலையத்துல இருக்கற 60களின் பாட்டுல நெறைய கேசட்டுல இருந்து எடுத்த எம்பி3. அசல் மோனோ, அதாவது ஒத்தத் தடம். கேசட்டுல அதே ஒலி ரெண்டு தடமா பதிஞ்சிருக்கும். ஓட்டுன டெக்கோட ஹெட் (டேப்பைப் படிக்கற முனை) துளி சாஞ்சிருந்தா ஒரு தடம் பின்தங்கும். ரெண்டையும் சேத்தா சுசீலாம்மா குரலோட மேல்பகுதி மங்கிப்போகும். ஒரு தடம் தலைகீழா ஏறியிருந்தா இன்னும் மோசம்: ஒத்த ஸ்பீக்கர் செல்போன்ல குரலே காணாமப்போகும்.

அப்புறம் ஒலிபரப்புக் கருவி. எஃப்எம்ல 50 மைக்ரோசெகண்ட் முன்-உயர்த்தல் உண்டு, மேல்சுருதியத் தூக்கி அனுப்பும். ரெக்கார்டுக் கீறலோட "டக்" சத்தம் அங்க தான் உக்காந்திருக்கு. ஒவ்வொரு டக்குக்கும் லிமிட்டர் (சத்தம் எல்லை மீறாமத் தடுக்கற கருவி) கைவெச்சு அமுக்க, டிஎம்எஸ் குரல் கூடவே குனியும். வயலின் மெதுவா வாசிக்கற எடத்துல கம்ப்ரசர் (சத்தத்தோட ஏத்த எறக்கத்தச் சமமாக்கற கருவி) சத்தத்தத் தூக்கும், இரைச்சலும் கூட எந்திரிக்கும். மூச்சு வாங்கற மாதிரி இருக்கும். புதுப் பாட்டுக்கு அளவு வெச்ச அமைப்புல பழசை ஓட்டுனா இதுதான் கதி.

செய்ய வேண்டியது இவ்வளவு தானுங்க. ஆடாசிட்டிங்கற ஒலித்தொகுப்பு மென்பொருள்ல ரெண்டு தடத்தயும் பிரிச்சு, தெளிவானத மட்டும் ரெண்டு பக்கமும் போடுங்க. மோனோவாக்கிக் கேட்டுப் பாருங்க. 70 ஹெர்ட்ஸுக்குக் கீழ வெட்டுனா மின்சார "ஹம்" நல்லாக் கொறையும். டக்கை மட்டும் கையால எடுங்க. இரைச்சல் நீக்கியத் துளி தான் தொடணும். கூடுனா வீணை தண்ணிக்குள்ள வாசிச்ச மாதிரி ஆயிரும்.

பத்துசெகண்ட்:
அருமையான பாடமுங்க. ஒரு பாட்டுக்கு 20 நிமிஷம்னு வெச்சாலும் 600 பாட்டுக்கு 200 மணி நேரம். இதுக்குச் சம்பளம் யார் குடுக்கறது? 80களின் பாட்டு சிடியிலிருந்து நேரா கெடைக்குதே. முதலாளி அதைத்தான் போடுவார்.

சிங்கைக்காரன்:
200 மணி நேரம் ஒரு ஆளுக்கு அஞ்சு வார வேலை. ஆர்ஜே மூஞ்சி போட்ட ஒரு பேனர் செலவு கூட இருக்காது.

டேப்ஹெட்:
600க்குக் கொறஞ்சா இன்னொரு சிக்கல் வரும். பட்டியல் போடற மென்பொருள்ல "அதே பாடகர் 30 நிமிஷத்துக்குள்ள கூடாது"ன்னு விதி இருக்கும். பழசுல டிஎம்எஸ், சுசீலா தான் பாதிக்கு மேல, டூயட் ரெண்டு பேர் கணக்குலயும் ஏறும். மென்பொருள் பாட்டு கெடைக்காமக் காலியிடம் விடும். நிரல்காரர் அதுக்கு அந்தப் பிரிவையே சுருக்கி 100 பாட்டை மாத்தி மாத்தி ஓட்டுவார். அப்பத்தான் "எப்பப் பாரு இதே பாட்டு"ன்னு புகார் வருது. பி.பி.ஸ்ரீனிவாஸ், சீர்காழி, ஏ.எம்.ராஜா, ஜிக்கி, லீலா, ஜமுனாராணின்னு பரவலா சேத்தாத் தான் விதி நிக்கும்.

அமராவதிக்கரை:
நீளமுங்க? பழசு இழுவைன்னு ஒரு பேச்சு உண்டே.

டேப்ஹெட்:
தலைகீழ். 78 சுத்து ரெக்கார்டு ஒரு பக்கம் மூணேகால் நிமிஷம் தான் புடிக்கும், பெரும்பாலான பாட்டும் அதுக்குள்ள அடங்குனது. 80களின் பாட்டு நாலரை, அஞ்சு போகும். மணிக்கு 15 நிமிஷம் விளம்பரம் போனா மிச்சம் 45ல பழசு 13 அடங்கும், மத்தது 9, 10.

பத்துசெகண்ட்:
ஒத்துக்கறேன், நீளம் காரணமில்லை. ஆனா முன்னிசை மேல பேசியே பழகுன ஆர்ஜேக்கு நேரா பல்லவியில ஆரம்பிக்கற பாட்டு ஆகாது. வேணும்னா காலையில 5லிருந்து 6 வரைக்கும் போட்டுப் பாக்கலாம். அப்ப விளம்பரமே இல்லை, நட்டமும் இல்லை.

சிங்கைக்காரன்:
அதே ஒதுக்கல் தான, ராத்திரியிலிருந்து விடியக்காலைக்கு. அந்நேரம் பக்திப் பாட்டைத் தூக்க எந்த நிலையமும் துணியாது. மத்தியானம் 2லிருந்து 4 குடுங்க. அப்பவும் விளம்பரம் கொறைவு தான், தறிக்குடோன்லயும் மளிகைக்கடையிலயும் ரேடியோ ஓடற நேரம்.

பத்துசெகண்ட்:
2லிருந்து 3 வரைக்கும். டேப்ஹெட் அண்ணன் சொன்ன மாதிரி சுத்தம் பண்ணுன கோப்போட, நகைக்கடை ஒன்னு மூணு மாசத்துக்கு விளம்பரம் எழுதிக் குடுத்தா.