நேற்று வரை நன்றாக இருந்தவர் திடீரென்று பிதற்றினால்: உங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்லுங்கள்

செட்டிநாட்டு மருமகள்:

போன கத்திரி வெயிலில் என் மாமியாருக்கு வந்தது இது. வயது 78. பால் கணக்கு, சீட்டுக் கணக்கு எல்லாம் மனசிலேயே வைத்திருப்பவர். ஒரு நாள் சாயங்காலம் பார்த்தால் கட்டிலில் உட்கார்ந்து போர்வையிலிருந்து இல்லாத நூலை விரலால் பிடுங்கிப் பிடுங்கிக் கீழே போட்டுக்கொண்டிருந்தார். என்ன அத்தை என்றேன். "கட்டிலுக்கு அடியில மூணு புள்ளைங்க வெறும் வயித்தோட உக்காந்திருக்கு, ஒங் கண்ணுக்குத் தெரியலையா, சோத்தைப் போடு" என்று ஒரே அதட்டல். ராத்திரி முழுக்கத் தூக்கமில்லை, பெற்ற மகனையே யாருப்பா நீ என்று கேட்டார். விடிந்ததும் ஏறக்குறைய பழைய ஆள்தான், காப்பி கேட்டு வாங்கிக் குடித்தார். மறுபடி விளக்கு வைக்கும் நேரத்துக்குப் பிள்ளைகள் வந்துவிட்டார்கள்.

உச்சி வேளையில் கிணற்றடிக்குப் போனதுதான் காரணம், மந்திரித்துக் கயிறு கட்டு என்றார் ஒரு பெரியம்மா. வயசானால் மறதி நோய் வரத்தானே செய்யும் என்றார் படித்த கொழுந்தனார். எனக்கு இரண்டாவதுதான் அதிக எரிச்சல். மறதி நோய் மாதக்கணக்கில், வருஷக்கணக்கில் மெல்ல வருவது. வெள்ளிக்கிழமை வட்டிக்கணக்கு சொன்னவரை ஞாயிற்றுக்கிழமை இப்படி ஆக்காது.

டாக்டர் முதலில் கேட்டது மாத்திரை டப்பாவை. அப்புறம் அத்தையிடம் தமிழ் மாதங்களைக் கடைசியிலிருந்து திருப்பிச் சொல்லச் சொன்னார். பங்குனி, மாசி, தை என்று நன்றாகத்தான் ஆரம்பித்தார், தைக்கு வந்ததும் இன்னும் பொங்கல் பானை வாங்கவில்லையே என்று கவலை வந்துவிட்டது, அதோடு மாதங்கள் போயே போச்சு. இது டெலிரியம், அதாவது திடீரென்று வரும் புத்திக் குழப்பம் என்றார். கவனம் ஓரிடத்தில் நிற்காமல் நழுவுவதுதான் இதற்கு முக்கிய அடையாளமாம். ரத்தத்தில் சோடியம் பார்த்தார்கள், 116. இருக்க வேண்டியது 135 முதல் 145.

காரணம் ஒன்றல்ல. பி.பி. மாத்திரையோடு ஹைட்ரோகுளோரோதயசைடு சேர்ந்திருந்தது. பல அட்டைகளில் மாத்திரைப் பெயருக்குப் பின்னால் 'எச்' என்று ஓர் எழுத்து நிற்குமே, அதுதான். சிறுநீர் வழியாக உப்பை வெளியேற்றும் மருந்து அது. அந்த வெயிலில் வியர்வை, நடுவில் வயிற்றுப்போக்கு, போதாததற்கு பி.பி. இருக்கிறதே என்று கஞ்சியைக்கூட உப்பில்லாமல் குடித்து வந்திருக்கிறார். சோடியத்தை மெதுவாகத்தான் ஏற்றினார்கள், ஒரு நாளில் 8, 10-க்கு மேல் ஏறினால் மூளைக்கே ஆபத்து என்று. "ரெண்டு பாட்டிலைப் போட்டு இன்னைக்கே அனுப்புங்க" என்று சத்தம் போட்ட சொந்தக்காரருக்கு இதைப் புரியவைப்பதற்குள் நர்சுக்குப் பாதி உயிர் போய்விட்டது. எண் சரியான பிறகும் தெளிவு வரக் கொஞ்ச காலம் பிடித்தது. மாத்திரையை மாற்றிவிட்டார்கள்.

கொங்குநாட்டான்:

எங்க அப்பாவுக்குச் சளி. மருந்துக்கடையில் கேட்டு ஒரு சளி மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டார். அதில் குளோர்பெனிரமின் இருந்தது, நாம் போட்டால் தூக்கம் வரும், அவ்வளவுதான். அவருக்கு 81 வயது, புராஸ்டேட் வீக்கம் வேறு. அன்றைக்கு ராத்திரியே மாடியில் குடியிருக்கிறவர் பென்ஷன் புத்தகத்தைத் திருடிவிட்டார் என்று கைத்தடியை எடுத்துக்கொண்டு படியேறப் போனார். புத்தகம் அவர் தலையணைக்கு அடியில்தான் இருந்தது. எடுத்துக் காட்டினால், இது அவன் மாற்றி வைத்த போலி என்கிறார்! அதற்கு மேல் நான் வாதாடவில்லை, சரிங்கப்பா காலையில் கேட்டுக்கலாம் என்று கையைப் பிடித்து உட்காரவைத்தேன். ஆஸ்பத்திரியில் அடிவயிற்றைத் தொட்டுப் பார்த்துவிட்டு டியூப் போட்டார்கள், பை நிறைய மூத்திரம். அந்த வகை மருந்து மூளையையும் குழப்பும், மூத்திரத்தையும் அடைக்கும், மலச்சிக்கலும் கொண்டுவரும். மூத்திரம் அடைத்தாலே வயசானவர்களுக்குப் புத்தி தடுமாறுமாம். மருந்தை நிறுத்தி, டியூப் போட்டு, மறுநாள் மத்தியானத்துக்கெல்லாம் ஆள் தெளிந்துவிட்டார். மாடிக்காரர் நல்ல மனிதர், இன்றுவரைக்கும் ஏதும் மனதில் வைத்துக்கொள்ளவில்லை.

ரிட்டயர்டு நர்ஸ்:

மேலே இரண்டு பேர் எழுதியதும் கத்திக் கூப்பாடு போட்டவர்கள் கதை. பேசாமல் சுருண்டு படுத்துக்கொள்கிறவர்களும் உண்டு, கூப்பிட்டால் கண்ணைத் திறந்து பார்ப்பார்கள், வாயில் வைத்த இட்லியை மெல்ல மறந்துவிடுவார்கள். பாட்டி சாதுவாகிவிட்டார் என்று வீட்டில் நிம்மதியாக இருப்பார்கள். இதுவும் அதே நோய்தான், தாமதமாகக் கண்டுபிடிப்பதால் இன்னும் மோசம்.

இன்னொன்று, தூக்க மாத்திரை. வருஷக்கணக்காக ராத்திரி அல்பிரசோலம் அரை மாத்திரை போடுகிறவர் இடுப்பெலும்பு ஆபரேஷனுக்கு வருவார், அது மாத்திரை என்றே வீட்டில் கணக்கில் வைக்க மாட்டார்கள், எங்களிடம் சொல்லவும் மாட்டார்கள். திடீரென்று நின்றுபோனதும் ஓரிரு நாளில் கை நடுங்கும், சுவரில் பூச்சி ஊர்கிறது என்பார். தயவுசெய்து கண்ணுக்கு விடும் சொட்டு மருந்து, நாட்டு மருந்து லேகியம் உட்பட எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு எடுத்து வாருங்கள். கண்ணாடியும் காது மெஷினும் கூட. அவை இல்லாமல் படுத்திருக்கிறவருக்கு ஃபேன் நிழலும் ஆளாகத்தான் தெரியும்.

தஞ்சாவூர் தாத்தா பேரன்:

இந்த மாதிரி நேரத்தில் இளநீரும் தண்ணீரும் நிறையக் கொடுத்தால் போதாதா?

செட்டிநாட்டு மருமகள்:

நானும் டாக்டரிடம் இதையேதான் கேட்டேன். உடம்பு வறண்டு நாக்கு ஒட்டிப்போய், மூத்திரம் கறுத்துக் கொஞ்சமாகப் போகிறதென்றால் ஓ.ஆர்.எஸ். கொடுக்கலாம், பாக்கெட்டில் போட்டிருக்கிற அளவுத் தண்ணீரில் முழுப் பாக்கெட்டையும் கலக்க வேண்டும், கண்ணளவில் வேண்டாம். ஆனால் சோடியம் குறைந்திருக்கிறவருக்கு வெறும் தண்ணீராக ஊற்றினால் இன்னும் குறையும். இளநீரில் சோடியம் கொஞ்சம்தான், பொட்டாசியம்தான் அதிகம், டெல்மிசார்டன் மாதிரி பி.பி. மாத்திரை சாப்பிடுகிறவருக்கோ கிட்னி பிரச்சினை உள்ளவருக்கோ அது ஏறினால் இதயத் துடிப்புக்கு ஆபத்து. அரை மயக்கத்தில் இருக்கிறவர் வாயில் எதையும் ஊற்றவே கூடாது, புரையேறும். உங்கள் தாத்தாவுக்கு இப்போது குழப்பம் இருக்கிறதென்றால் இங்கே கேட்டுக்கொண்டிருக்காதீர்கள், இன்றைக்கே கூட்டிப்போய் சோடியம், பொட்டாசியம், சர்க்கரை, யூரின் டெஸ்ட் எடுத்துவிடுங்கள்.