கடல்கட்டி ஆவணங்கள் தேட உதவி வேண்டும்

எல்லாருக்கும் வணக்கம். எங்கள் பூர்வீகம் தூத்துக்குடி. பாட்டி இருந்தவரை ஒன்று சொல்வார்: "உன் பூட்டனார் கடல்கட்டி. அவர் கரையில் நின்று மந்திரம் சொன்னால்தான் ஆட்கள் தண்ணீரில் இறங்குவார்கள்." கதை என்றே நினைத்திருந்தேன். போன மாதம் ஒரு பழைய கிரயப் பத்திரத்தில் அவர் பெயருக்கு முன்னால் 'கடல்கட்டி' என்று பார்த்ததும் கை நடுங்கிவிட்டது.

முத்துக்குளிப்பில் மந்திரத்தால் சுறாவின் வாயைக் கட்டுவதாக நம்பப்பட்டவர்தான் கடல்கட்டி. கல்லைக் காலில் மாட்டி மூச்சடக்கி முத்துச்சிப்பி எடுத்தவர்களுக்கு இவர்தான் தைரியம். 19ஆம் நூற்றாண்டில் இலங்கை முத்துக்குளிப்பில் அரசே சம்பளம் கொடுத்து வைத்திருந்தது. குளிப்பவர்களும் சிப்பியில் பங்கு கொடுத்தார்கள்.

1905இல் மன்னார்ப் பக்கம் மரிச்சுக்கட்டியில் நடந்த பெரிய முத்துக்குளிப்புக்குப் பூட்டனார் போனதாகப் பாட்டி சொன்னார். அந்த ஆண்டின் சம்பளப் பட்டியல், படகுப் பதிவு எல்லாம் கொழும்பு தேசிய ஆவணக் காப்பகத்தில் பார்த்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா? எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் எந்தத் துறைக் கோப்பில் தேடலாம்? அப்புறம், கீழக்கரை, வேதாளைப் பக்கம் வீட்டுப் பெரியவர்களிடம் இந்தப் பேச்சு இருந்தால் கேட்டுச் சொல்லுங்கள். அவர் சொன்ன மந்திரத்தின் ஒரு வரி கிடைத்தாலும் போதும்.