பழைய விண்டோஸ் 7-ல பைதான் ஏத்துறது: ‘நம்ம வீட்டு ஆளுவ’ குரூப்

தக்கலை சித்தி (சனி, மாலை 6:10)
பாப்பாவுக்கு பன்னிரண்டாம் கிளாஸ் கணினி அறிவியலுக்கு பைதான்ங்குற புரோகிராம் மொழியை ஏத்தணும். வீட்டுல உள்ளது பழைய டெஸ்க்டாப். விண்டோஸ் 7, கோர் 2 டுவோ, 2 ஜிபி ராம். பைதான் சைட்டுல மேல தெரிஞ்ச புதுசை இறக்கினோம், ஓடமாட்டேங்குது. யாராவது பாருங்க.

நாகர்கோவில் அக்கா (6:14)
புதுசு ஓடாது சித்தி. 3.9-ல இருந்தே விண்டோஸ் 7-ஐ விட்டுட்டாங்க. உங்களுக்கு 3.8 தான். அதுலயும் 3.8.10-னு தேடி எடுங்க. 3.8.11-ல இருந்து 3.8.20 வரைக்கும் வெறும் மூல நிரல் மட்டும்தான் விட்டாங்க. டபுள் கிளிக் பண்ணி ஏத்துற இன்ஸ்டாலர் 2021 மே மாசம் வந்த 3.8.10-ஓட நின்னுட்டு.

நாகர்கோவில் அக்கா (6:15)
பாடத்துக்கு 3.8 தாராளம். லிஸ்ட், டியூப்பிள், கிளாஸ், சிஎஸ்வி எல்லாம் அதுல அப்படியே உண்டு. டேட்டாபேஸுக்கு உள்ள எஸ்கியூலைட் பைதான் கூடவே வரும். பைதான் லைப்ரரில கிராஃப் வரையுற மேட்பிளாட்லிப் மட்டும்தான் தனியா ஏத்தணும்.

குளச்சல் மாமா (6:19)
32 பிட்டா 64 பிட்டா? கம்ப்யூட்டர் ஐக்கான்ல ரைட் கிளிக், பிராப்பர்ட்டீஸ். அந்தப் பக்கத்துல சிஸ்டம் டைப்னு இருக்கும். அதே பக்கத்துல சர்வீஸ் பேக் 1-னு எழுதியிருக்கான்னும் பாரு. அது இல்லாட்டா ஒண்ணும் நடக்காது.

தக்கலை சித்தி (6:26)
64 பிட் அண்ணே. சர்வீஸ் பேக் 1 இருக்கு.

நாகர்கோவில் அக்கா (6:28)
அப்ப ஃபைல் பேர்ல ஏஎம்டி64-னு உள்ளத எடுங்க. இன்டெல் சிப்பா இருந்தாலும் அதுதான், பேரைப் பாத்து பயப்படாண்டாம். 28 எம்பி பக்கம் வரும். விண்டோஸ் 7-க்க பழைய இன்டர்நெட் எக்ஸ்புளோரர்ல பைதான் சைட்டே திறக்காது. இப்ப சைட்டெல்லாம் டிஎல்எஸ் 1.2-ங்குற பாதுகாப்பு முறை கேக்கும், அதுல அது ஆஃப்ல கிடக்கும். போன்ல இறக்கி கேபிள் வழியா மாத்திருங்க.

குளச்சல் மாமா (6:31)
மாத்தின பொறவு எம்டி5, அதாவது ஃபைலுக்க கைரேகை மாதிரி உள்ள எழுத்து வரிசையை ஒத்துப்பாரு. கறுப்பு விண்டோல (கமாண்ட் பிராம்ப்ட்) சர்ட்யூட்டில் கமாண்ட், முழுசா ஃபோட்டோ போட்டிருக்கேன். வர்ற 32 எழுத்தும் சைட்டுல 3.8.10 பக்கத்துல உள்ளதும் ஒண்ணா இருக்கணும். பாதியில அறுந்த ஃபைல்னா இங்கயே தெரிஞ்சிரும்.

*[படம்]*

தக்கலை சித்தி (இரவு 7:20)
ஒத்து வந்துட்டு. ஆனா இன்ஸ்டாலர் ‘விண்டோஸ் 7 சர்வீஸ் பேக் 1-உம் எல்லா அப்டேட்டும் வேணும்’னு சொல்லி நிக்குது. சர்வீஸ் பேக் 1 தான் இருக்கே?

குளச்சல் மாமா (7:27)
சர்வீஸ் பேக் மட்டும் போராது. டிஎல்எல் ஃபைலை (புரோகிராமுவ பொதுவா எடுத்துக்குற நிரல் துண்டு) எந்த ஃபோல்டர்ல இருந்து எடுக்கணும்னு சொல்ற வசதி ஒண்ணை மைக்ரோசாஃப்ட் பிற்பாடு அப்டேட்டா விட்டான். அந்த அப்டேட்டுக்க நம்பர் கேபி 2533623. பைதான் 3.8 அதை நம்பித்தான் ஓடுது, இன்ஸ்டாலர் முதல்ல அதைத்தான் தேடும். அந்த நம்பர் இப்ப டவுன்லோடுல கிடையாது. அதுக்குப் பதிலா வந்த கேபி 3063858 போட்டா மதி. 64 பிட்டுக்கு உள்ளதா பாத்து எடு.

குளச்சல் மாமா (7:29)
கூடவே கேபி 2999226-உம் இறக்கி வை. அது யுனிவர்சல் சி ரன்டைம், பைதான் ஓடத் தேவையான அடிப்படை ஃபைலுவ. அது இல்லாட்டா பைதான் ஏறின பொறவும் ‘ஏபிஐ-எம்எஸ்-வின்-சிஆர்டி’னு ஆரம்பிக்கிற டிஎல்எல் காணோம்னு பொட்டி வரும். அப்படி வந்தா நெட்டுல கண்ட இடத்துல இருந்து அந்த ஒத்த டிஎல்எல்லை எடுத்து சிஸ்டம்32-ல போடாண்டாம், கேட்டியா. வைரஸ் ஏறுறது அந்த வழியாத்தான்.

தக்கலை சித்தி (7:58)
‘இந்தக் கம்ப்யூட்டரில் அப்டேட் தேடுகிறது’னு இருபது நிமிஷமா பச்சைக் கோடு ஓடிட்டே இருக்கு.

மார்த்தாண்டம் அண்ணன் (8:01)
கேன்சல் பண்ணுங்க சித்தி. நெட் வயரைக் கழத்திருங்க. சர்வீசஸ் லிஸ்டுல விண்டோஸ் அப்டேட்டை ஸ்டாப் பண்ணிட்டு, உடனே அப்டேட் ஃபைலை திரும்ப ஓட்டுங்க. அது தேவைப்படும்போது சர்வீசை தானே எழுப்பிக்கும். ஆனா ஸ்டார்ட்டப் டைப் டிசேபிள்டுன்னு இருக்கக்கூடாது, மேனுவல்னு வைங்க. டிசேபிள்டா இருந்தா 80070422-ல முடியும் எரர் வரும்.

தக்கலை சித்தி (8:24)
ரெண்டும் ஏறிட்டு. ரீஸ்டார்ட் கேட்டது, கொடுத்தாச்சு.

நாகர்கோவில் அக்கா (8:27)
இப்ப பைதான் இன்ஸ்டாலரைத் திறங்க. முதல் திரையில அடியில ‘ஆட் பைதான் 3.8 டு பாத்’னு ஒரு கட்டம் உண்டு. டிக் இல்லாம இருக்கும். அதை டிக் பண்ணின பொறவுதான் வேற எதையும் தொடணும். அதை விட்டுட்டா பைதான் ஏறியிருந்தும் ‘அப்படி ஒரு கமாண்டே இல்ல’ன்னு கறுப்பு விண்டோ சொல்லும்.

நாகர்கோவில் அக்கா (8:29)
இன்ஸ்டால் நவ் அமுக்காண்டாம். கஸ்டமைஸ் எடுங்க. முதல் பக்கத்துல பிப் (லைப்ரரி இறக்கி ஏத்துறது), ஐடில் (புரோகிராம் எழுதி ஓட்டுற விண்டோ) ரெண்டும் டிக்கோட இருக்கட்டும். அடுத்த பக்கத்துல இடத்தை மாத்தி சி டிரைவ்ல பைதான்38-னு நேரா ஒரு ஃபோல்டர் கொடுங்க. சும்மா விட்டா யூசர் பேருக்குள்ள ஆப்டேட்டா, லோக்கல், புரோகிராம்ஸ்னு ஆழத்துல போய் உக்காரும். யூசர் பேரைத் தமிழ்லயோ இடைவெளி விட்டோ வச்சிருந்தா சில பேக்கேஜ் அங்கதான் முரண்டு பிடிக்கும்.

தக்கலை சித்தி (8:46)
செட்டப் வாஸ் சக்சஸ்ஃபுல்! பைதான் 3.8.10-னு காட்டுது. மேட்பிளாட்லிப்புக்கு பிப் கமாண்ட் கொடுத்தா சிவப்பா நிறைய வருது. நடுவுல ‘சர்டிஃபிகேட் வெரிஃபை ஃபெயில்டு’.

மார்த்தாண்டம் அண்ணன் (8:48)
சித்தி, அடியில வலது மூலையில தேதி என்ன காட்டுது?

தக்கலை சித்தி (8:49)
2009 ஜனவரி 1.

மார்த்தாண்டம் அண்ணன் (8:52)
அதான் காரணம். பிப் தனக்குன்னு சர்டிஃபிகேட் கட்டு வச்சிருக்கு, அதனால விண்டோஸ் பழசானது அதுக்கு ஒரு பொருட்டில்ல. ஆனா தேதியை கம்ப்யூட்டர்கிட்டதான் கேக்கும். 2009-னு சொன்னா, சர்வருக்க சர்டிஃபிகேட் இன்னும் பிறக்கவே இல்லன்னு நினைச்சு மூடிரும். ‘டிரஸ்டட் ஹோஸ்ட்’ போட்டு தாண்டுன்னு நெட்டுல எழுதியிருப்பாங்க. அது பூட்டையே கழத்தி வைக்கிற வேலை, செய்யாண்டாம். தேதியைத் திருத்துங்க.

குளச்சல் மாமா (8:57)
மெயின் சுவிட்சை அணைச்சா தேதி பின்னால போகுதுன்னா போர்டுல உள்ள செல் செத்துட்டு. சிஆர்2032, 3 வோல்ட், காசு மாதிரி இருக்கும். மாத்துறதுக்கு முன்னால பயாஸுக்குள்ள (விண்டோஸ் வர்றதுக்கு முன்னால உள்ள செட்டிங்) போய், டிஸ்க் இணைப்புக்க சாட்டா மோடு ஐடிஇயா ஏஹெச்சிஐயான்னு ஃபோட்டோ எடுத்துக்க. செல்லைக் கழத்தினா அது மாறிப்போகலாம். மாறினா விண்டோஸ் நீலத் திரையில 7பி-னு முடியிற எரரோட நிக்கும், டிஸ்க் போயிட்டுன்னு நினைச்சிருவ. திரும்ப பழைய மோடுல வச்சா சரியாயிரும்.

குளச்சல் மாமா (8:59)
வயரைப் பிடுங்கி, பவர் பட்டனை அஞ்சாறு நொடி அமுக்கி, பொறவு கை வை. பிளஸ் உள்ள பக்கம் மேல பாக்கணும். திறந்ததோட ராமையும் எடுத்து தங்க நிறக் காலை பென்சில் ரப்பரால தேச்சுப் போடு. கடல் காத்து அடிக்கிற ஊர்ல இது வருஷம் ஒரு தடவை செய்ய வேண்டியது. தக்கலையில அவ்வளவு உப்பு இல்ல, ஆனாலும் செஞ்சிரு.

தக்கலை சித்தி (ஞாயிறு, காலை 11:05)
செல் மாத்தியாச்சு, தேதி நிக்குது. மேட்பிளாட்லிப் இறங்கினது. ஆனா இம்போர்ட் பண்ணினா ‘டிஎல்எல் லோட் ஃபெயில்டு’.

நாகர்கோவில் அக்கா (11:09)
விஷுவல் சி பிளஸ் பிளஸ் 2015-2019 ரீடிஸ்ட்ரிபியூட்டபிள், 64 பிட், அதை ஏத்துங்க. மேட்பிளாட்லிப்புக்கு உள்ள சி பிளஸ் பிளஸ் துண்டுகளுக்கு அதுல உள்ள ஒரு ஃபைல் வேணும், பைதான் அதைக் கூட கொண்டு வராது. பதிப்பைப் பத்தி கவலைப்படாண்டாம். 3.8-க்கு ஒத்த கடைசிப் பதிப்பை பிப்பே எடுத்திருக்கும்: மேட்பிளாட்லிப் 3.7.5, அதுக்குத் துணையா வர்ற நம்பை 1.24.4.

நாகர்கோவில் அக்கா (11:12)
பாப்பாகிட்ட ரெண்டு காரியம் சொல்லுங்க. புரோகிராமை மேட்பிளாட்லிப், ரேண்டம்னு லைப்ரரிக்க பேர்லயே சேவ் பண்ணக்கூடாது. இம்போர்ட் பண்ணும்போது பைதான் அவ ஃபைலையே திறந்துட்டு, உள்ள ஒண்ணும் இல்லன்னு எரர் காட்டும். அடுத்தது, தமிழ் எழுத்தைப் பிரிண்ட் பண்ணினா கறுப்பு விண்டோல கட்டம் கட்டமாத்தான் வரும். விண்டோஸ் 7-ல அது அப்படித்தான், ஐடில்ல ஓட்டினா தமிழ் தெரியும். நோட்பேடுல எழுதினா சேவ் பண்ணும்போது ஆன்சியை மாத்தி யூடிஎஃப்-8 எடுக்கணும். இல்லாட்டா தமிழெல்லாம் கேள்விக்குறியா போயிரும், திரும்பக் கிடைக்காது.

மார்த்தாண்டம் அண்ணன் (11:20)
எல்லாத்துக்கும் விண்டோஸுக்குப் பதிலா டெபியன் 12 லினக்ஸ் போட்டிருந்தா பைதான் 3.11 கூடவே வந்திருக்கும். விண்டோஸ் 7-க்கு 2020 ஜனவரி 14-ஓட பாதுகாப்பு அப்டேட் நின்னுட்டு.

குளச்சல் மாமா (11:24)
பரீட்சை முடியட்டும், போடலாம். அங்கயும் பிப்பை நேரா ஓட்டினா ‘எக்ஸ்டர்னலி மேனேஜ்டு’ன்னு தடுக்கும், டெபியனுக்க சொந்த ஆப்ட் கமாண்ட் வழியா ஏத்தணும்னு அவளுக்கு யாராவது பக்கத்துல இருந்து சொல்லணும். அதுவரைக்கும் இந்த மெஷின்ல பேங்க் வேலை, ஆதார் வேலை ஒண்ணும் வேண்டாம். பைதான் மட்டும்.

தக்கலை சித்தி (11:41)
கிராஃப் வந்துட்டு! பாப்பாவுக்க கூட்டுக்காரி வீட்டுலயும் இதே விண்டோஸ் 7, 64 பிட் தான். அங்க நெட் கிடையாது.

நாகர்கோவில் அக்கா (11:46)
பிப்புல இன்ஸ்டாலுக்குப் பதிலா டவுன்லோடுன்னு கொடுத்தா ஏத்தாம ஃபைலா இறக்கி வைக்கும். கமாண்ட் ஃபோட்டோல இருக்கு. எல்லாம் சேத்து 30 எம்பி பக்கம். அதோட பைதான் இன்ஸ்டாலர், ரெண்டு கேபி ஃபைல், விஷுவல் சி பிளஸ் பிளஸ், எல்லாத்தையும் ஒரே பென்டிரைவ்ல போடுங்க. ஏத்துற வரிசை: கேபி ரெண்டும், ரீஸ்டார்ட், விஷுவல் சி, பைதான், கடைசியா அந்த ஃபோல்டரைக் காட்டி பிப். அங்கயும் முதல்ல தேதியைப் பாக்கச் சொல்லுங்க.

*[படம்]*