‘பிழைதிருத்தம்’ என்ற ஒரு சொல் போதாது: கையேட்டுத் திருத்தம், வழுவமைதி

அன்பின் நண்பர்களுக்கு வணக்கம்.

மென்பொருளிலோ கையேட்டிலோ என்ன மாறியது என்று சொல்லும் இற்றைப்படுத்தல் குறிப்புகளில் எல்லாவகைத் திருத்தத்துக்கும் ‘பிழைதிருத்தம்’ என்ற சொல்லே போதும் என்று அண்ணர் நேற்று எழுதியிருந்தார். அண்ணா, உங்கள் அனுபவத்தை மதிக்கிறேன். ஆனால் இதில் என்னால் உடன்பட முடியவில்லை. அந்தச் சொல்லால் எங்கள் கொழும்பு வெள்ளவத்தை அலுவலகத்தில் நடந்ததைச் சொல்கிறேன்.

விற்பனைத் தரவுகளைக் கிளிக்ஹவுஸில் வைத்திருக்கிறோம். 2016இல் திறந்த மூலமாக வெளிவந்த பகுப்பாய்வுத் தரவுத்தளம் அது. தரவை நிரை நிரையாக அல்லாமல் நிரல் நிரலாகச் சேமிக்கும். (நமக்கு நிரல் என்றால் அட்டவணையில் மேலிருந்து கீழாக ஓடுவது, நிரை என்றால் பக்கவாட்டில் ஓடுவது.) இரண்டு அட்டவணைகளைச் சேர்க்கும்போது இடப்பக்க அட்டவணையின் எல்லா நிரைகளையும் வைத்துக்கொள்வது இடப்புற இணைப்பு. அதில் வலப்பக்கம் பொருந்தும் நிரை இல்லாவிட்டால், தரவுத்தள வினவல் மொழியான எஸ்கியூஎல்லின் நியமப்படி வெற்றுப் பெறுமானம் (பெறுமானமே இல்லை என்ற குறி) வர வேண்டும். கிளிக்ஹவுஸோ எண் என்றால் 0 போட்டுவிடும். வெற்றுத்தான் வேண்டுமென்றால் ‘ஜாயின் யூஸ் நல்ஸ்’ என்ற அமைப்பை 1 ஆக்க வேண்டும்.

அலுவலகத்துக்காக நான் எழுதிய தமிழ்க் கையேட்டில் இது தவறாக இருந்தது. கண்டதும் திருத்தினேன். அந்த மாதக் குறிப்பில் ‘இடப்புற இணைப்பின் வெற்றுப் பெறுமானம்: பிழைதிருத்தம்’ என்று ஒரு வரியும் சேர்த்தேன். அறிக்கை தயாரிக்கும் தங்கை அதை வாசித்துவிட்டு, சேவையகமே திருந்திவிட்டது என்று எண்ணி, தன் வினவலில் காவலாக வைத்திருந்த அந்த அமைப்பை நீக்கிவிட்டாள். நாட்காட்டி அட்டவணையோடு விற்பனையை இணைக்கும் வினவல் அது. ஞாயிறும் போயாவும் (முழுநிலா விடுமுறை) கடை பூட்டு. வெற்றாக இருந்தால் சராசரியில் சேராத பூட்டிய நாள்கள் எல்லாம் 0 ஆகிச் சராசரிக்குள் புகுந்தன. 25 நாளில் 500,000 ரூபாய் விற்ற கிளைக்கு நாட்சராசரி 20,000. அதே தொகையை 30 நாளுக்குப் பங்கிட்டால் 16,667. முகாமையாளர் கிளைப் பொறுப்பாளரை அழைத்து விளக்கம் கேட்ட பிறகுதான் எங்களுக்கு விளங்கியது. அந்த மனிதர் ஒரு முற்பகல் முழுவதும் விற்பனைப் பற்றுச்சீட்டுகளை அடுக்கி வைத்துக்கொண்டு நின்றார். தங்கை வாசித்ததில் தவறில்லை. என் சொல்தான் தவறு.

மாறியது சேவையகத்தின் நடத்தையா, அதைப் பற்றிய எழுத்தா? குறிப்பை வாசிப்பவர் முதலில் தேடுவது இதைத்தான். மென்பொருளில் உள்ள குறையை ‘வழு’ என்று சொல்லும் பழக்கம் நம்மிடம் ஏற்கனவே இருக்கிறது. ஆகவே நடத்தை மாறினால் ‘வழுநீக்கம்’. எழுத்து மட்டும் மாறினால் ‘கையேட்டுத் திருத்தம்’. ‘ஆவணத் திருத்தம்’ என்று சிலர் சொன்னார்கள். கொழும்பில் அதைக் கேட்பவருக்குப் பிறப்புச் சான்றிதழும் காணி உறுதியும்தான் நினைவுக்கு வரும். கையேடு என்றால் யாருக்கும் ஐயமில்லை.

மூன்றாவது வகை ஒன்றும் உண்டு. நியமத்திலிருந்து விலகினாலும், காரணத்தோடு அப்படியே இருக்கட்டும் என்று ஆக்கியவர்கள் ஏற்றுக்கொண்ட நடத்தை. மேலே சொன்ன 0 அந்த வகை. இதற்குப் புதிதாகச் சொல் தேட வேண்டாம். பசுவை உவப்பினால் ‘என் அம்மை வந்தாள்’ என்று சொல்வது திணை வழுதான். ஆனாலும் இலக்கணம் அதை ஏற்று ‘வழுவமைதி’ என்று பெயர் கொடுத்தது. பாடசாலையில் படித்த சொல், நமக்குத் தேவையான பொருளை அப்படியே தாங்கி நிற்கிறது. ‘அறிந்த குறைபாடு’ என்ற வழக்கு இதற்குப் பொருந்தாது; அது என்றோ ஒருநாள் நீக்கப்படும் என்ற எதிர்பார்ப்பைத் தருகிறது.

கையேட்டுத் திருத்தத்தை அடுத்த குறிப்பிலேயே பயன்படுத்தப் போகிறேன். வழுவமைதியை மட்டும் தமிழாசிரியர்கள் பார்த்துச் சொல்லும்வரை நிறுத்தி வைத்திருக்கிறேன். மறுப்பு இருந்தால் வெள்ளிக்கிழமைக்கு முன் எழுதுங்கள்.